யாரு தொட்டது?

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெரிய மனது என்று நினைத்துவிட வேண்டாம். அவர் என் தோழியின் பெயரை ஊர் முழுக்கச் சொல்லிக் கெடுத்தவர். அந்த வித்தையை அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்ள விரும்பவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஆளைப் பற்றிச் சொல்வேன். ஒன்றுவிடாமல் சொல்வேன். சித்தூர், திருப்பதிப் பக்கம் ப்ளெக்ஸ் பேனர் தொழிலில் இருப்பவர்கள் நாலு வரி படித்ததுமே கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்கட்டும்.

சித்தூரில் வீடு, திருப்பதியில் கடை. தினமும் சித்தூரிலிருந்து வருவார். இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பென்டிரைவ், கையில் மடித்த கைக்குட்டை. கடைக் கண்ணாடிக் கதவை முழங்கையால் தள்ளித்தான் உள்ளே வருவார். கதவில் ஊரான் கை பட்டிருக்கும் என்பது அவர் கவலை. நான் அங்கே டிசைனராக இருந்தேன். புத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலை ரயிலில் போய், இருட்டுவதற்குள் திரும்புவேன்.

எது கெட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது ஒரே கேள்விதான். "யாரு தொட்டது?" தெலுங்கு பேசுகிறவர்களிடம் அதையே "எவரு முட்டுக்குன்னாரு?" என்பார். ஃபேன் நின்றால் யாரு தொட்டது. டீ ஆறியிருந்தால் யாரு தொட்டது. ஒருநாள் அவர் மனைவி போன் செய்து பால் திரிந்துவிட்டது என்று சொன்னபோது, கடையில் நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, போனிலேயே "யாரு தொட்டது?" என்றார். தெரு முழுக்கக் கரண்ட் போன ஒரு மத்தியானம், வெளியே போய்க் கம்பத்தின் மேலே இருந்த லைன்மேனை அண்ணாந்து பார்த்து அதையே கேட்டார். அந்த ஆள் கீழே இறங்கி வந்து சண்டைக்கு நின்றான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், யார் என்று தெரிந்துவிட்டால் அவருக்கு அதோடு வேலை முடிந்துவிடும். ஃபேனைச் சரி செய்ய வேண்டும் என்கிற நினைப்பே வராது. ஆள் அகப்பட்டால் கோளாறு தீர்ந்துவிட்டது என்பது அவர் எண்ணம். எங்கள் பிரிண்டிங் மெஷினை ஓட்டுகிற அண்ணன் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். அவர் சந்திரகிரிக்காரர். மெஷின் நின்று, முதலாளி வாயைத் திறப்பதற்குள் "நான்தான் சார்" என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். செய்தாரா இல்லையா என்பது பேச்சே இல்லை. அந்தக் கடையில் எல்லோரும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் "நான்தான் சார்" என்று சொல்லியிருக்கிறோம். முதலாளி ஒருவர்தான் சொன்னதில்லை.

கெட்ட மனுஷன் என்று ஒரே வார்த்தையில் முடித்தால் அது பொய்யாகிவிடும். வெள்ளிக்கிழமை தோறும் கடைக்கே பொங்கலும் வடையும் வரும். தன் கையாலேயே பரிமாறுவார். "நல்லா துன்னும்மா, ரயில்ல போற பொண்ணு" என்று எனக்கு இன்னொரு வடை வைப்பார். அந்த வடையை நான் ருசித்துத்தான் சாப்பிட்டேன்.

அதே வெள்ளிக்கிழமைதான் அவர் பூஜை போடுவது. மற்ற நாட்களில் எதையும் தொடாத மனிதர் அன்றைக்கு மட்டும் எல்லாவற்றையும் தொடுவார். குளித்து, நெற்றியில் நாமம் போட்டு, கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்து பிரிண்டிங் மெஷினுக்கு, கல்லாவுக்கு, கத்தரிக்கோலுக்குக்கூடப் பொட்டு வைப்பார். முன்பக்க மேஜையில் இருந்த கம்ப்யூட்டருக்குத் தனி மரியாதை. மானிட்டரின் நெற்றியில் பொட்டு வைத்தால் மட்டும் போதாது. பின்னால் போய், மானிட்டர் வயரின் பிளக்கைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, அதன் வாயோரமாகச் சந்தனத்தைத் தடவி, மேலே குங்குமம் வைத்து, மறுபடி உள்ளே அழுத்துவார். "சக்தி போற வழி இதுதாம்மா. இதுக்குத்தான் மொதல்ல வெக்கணும்" என்பார். பிறகு கற்பூரம் காட்டுவார். யாரும் குறுக்கே போகக் கூடாது.

அந்த முன்பக்கக் கம்ப்யூட்டரில் மட்டும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டிருந்தோம். காரணம் உண்டு. வாடிக்கையாளர்கள் கொண்டுவருகிற பென்டிரைவ்களில் உலகத்து வைரஸ் எல்லாம் இருக்கும். விண்டோஸ் இரண்டு முறை படுத்துவிட்டது. லினக்ஸ் போட்டபின் அந்தத் தொல்லை இல்லை. அதில்தான் பென்டிரைவைத் திறப்போம், அதில்தான் பேனர் எப்படி வரும் என்று காட்டுவோம். அங்கே உட்கார்ந்திருந்தவள் பவானி.

பவானிக்கு என் வயதுதான். அம்மாவும் அவளுமாகத் திருச்சானூரில் இருந்தார்கள். தமிழ், தெலுங்கு இரண்டையும் திரையைப் பார்க்காமலே அடிப்பாள். கல்யாணப் பேனருக்கு வந்தவர்கள் சண்டை போட்டுக்கொண்டு வந்தாலும் சிரித்துக்கொண்டு போவார்கள். மத்தியானம் என் டப்பாவும் அவள் டப்பாவும் ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை காலை அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக வந்தது. படத்தில் இருந்தவர்கள் எல்லாம் கன்னம் உப்பிப் பக்கவாட்டில் விரிந்திருந்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் அம்மைக்கட்டு வந்தவர்கள் போல் இருந்தார்கள். செட்டிங்ஸைத் திறந்தால் மானிட்டரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தெரியாத திரை' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அளவு 1024க்கு 768. அகலமான மானிட்டருக்கு அது ஆகாது. வேறு அளவைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் பட்டியலில் அதைவிடச் சின்னவைதான் இருந்தன.

நாங்கள் இருவரும் செல்போனில் தேடிப் படித்தோம். கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் நடுவே இருக்கிற வயரில் படம் மட்டும் போவதில்லை. 'என் அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு' என்று மானிட்டர் தன் அளவைச் சொல்கிற சேதியும் அதே பிளக்கில், தனி ஊசி வழியாகக் கம்ப்யூட்டருக்கு வருகிறது. அந்தச் சேதி வராவிட்டால் லினக்ஸ் எதற்கு வம்பு என்று ஒரு பழைய சின்ன அளவை வைத்துக்கொள்கிறது. ஏன் வரவில்லை என்று எங்களுக்கு அன்றைக்குத் தெரியவில்லை. ஆனால் டெர்மினல் என்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்து கட்டளை அடித்தால் சரியான அளவைக் கட்டாயமாக வைக்கலாம் என்று போட்டிருந்தது. பவானி அடித்தாள். திரை ஒரு கணம் இருண்டு, பளிச்சென்று சரியாக வந்தது. இருவரும் கை தட்டிக்கொண்டோம்.

அந்த நேரம் பார்த்து முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே வந்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். போய்க் கல்லாவில் உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தபோது நாங்கள் கொடுத்த கட்டளையை மறந்துவிட்டிருந்தது. திரை பழையபடி விரிந்துவிட்டது. கடையில் ஒரு கல்யாண வீட்டார் குடும்பத்தோடு நின்றிருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை "இதெவருரா, இன்த லாவு?" என்று, யாருடா இவ்வளவு குண்டாக என்று கேட்டு, வாயைப் பொத்திச் சிரித்தாள். முதலாளி எழுந்து வந்தார்.

"யாரு தொட்டது?"

"சார், அது வயர்ல ஏதோ..." என்று பவானி ஆரம்பித்தாள்.

"காலைல கறுப்பா ஒண்ண தொறந்து வெச்சிக்கினு அடிச்சிக்கினு இருந்தியே, நான் பாக்கலன்னு நெனச்சியா?"

"அது சரி பண்றதுக்குத்தான் சார். நானும் கூடத்தான் இருந்தேன்" என்று நான் எழுந்தேன்.

"நீ உன் டிசைனப் பாரும்மா. உன்ன யாரு கேட்டது?" என்று என் பக்கம் திரும்பாமலே சொன்னார். பிறகு, வந்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "நல்லா இருந்த சிஸ்டத்த தொட்டுத் தொட்டு நாசம் பண்ணிட்டா. இவ தொட்டா எதுவும் உருப்படாது. கெளம்பு" என்றார்.

பவானி தன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். மாப்பிள்ளையின் அத்தை சிரிப்பை நிறுத்திவிட்டாள். அதோடு விட்டிருந்தால்கூட நான் இத்தனை தூரம் வந்திருக்கமாட்டேன். அன்று இரவே திருப்பதி ப்ளெக்ஸ் கடைக்காரர்களின் வாட்ஸப் குழுவில் பவானியின் போட்டோவைப் போட்டு, 'இந்தப் பெண் சிஸ்டத்தைத் தொட்டுக் கெடுக்கிறவள், யாரும் சேர்த்துக்கொள்ள வேண்டாம்' என்று எழுதியிருந்தார். மெஷின் அண்ணன் எனக்குக் காட்டினார். எந்தக் கடைக்குப் போனாலும் "நீதானே அது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் கோயில் பக்கத்தில் ஒரு வளையல் கடையில் சேர்ந்தாள். நாள் முழுக்க நிற்கிற வேலை. கால் வீங்கிப்போயிருந்தது.

"வேல போனது போவட்டும்டீ. எங்கியாச்சும் கெடைக்கும்" என்றாள் என்னிடம். "ஆனா நான் தொட்டுக் கெடுத்தேன்னு ஊரே நம்பிக்கினு கீது. எங்கம்மாகூட ஒரு நாளு கேட்டாங்க, நெஜமாவே இன்னா பண்ணேன்னு. அவரு வாயால, இவ இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா போதும்."

அந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து பிடுங்கியே தீருவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

பவானி போனபின் முன்மேஜை எனக்கு வந்தது. திரை அப்படியேதான் இருந்தது. அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆளை அனுப்பியாகிவிட்டதே! வருகிறவர்களிடம் எல்லாம் "திரையில்தான் குண்டாகத் தெரியும், அச்சில் சரியாக வரும்" என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. அவர் உள்ளே கல்லாவில் இருப்பார். திரையை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

ஒருநாள் மேஜையைத் துடைக்கும்போது மானிட்டர் வயரைக் கழற்றிப் பார்த்தேன். பிளக்கின் வாயில் காய்ந்த சந்தனம். வாரா வாரம் ஒரு பூச்சாகச் சேர்ந்து, குங்குமமும் கலந்து, ஒரு பக்கத்து ஊசிகளை மூடிக் கெட்டியாக இறுகியிருந்தது. படம் வருகிற ஊசிகள் தப்பித்திருந்தன. சேதி வருகிற ஊசி சந்தனத்துக்குள் இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பவானியின் வீங்கிய கால்தான் ஞாபகம் வந்தது.

நியாயமாகத்தான் முதலில் நடந்துகொண்டேன், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பிளக்கை அவரிடம் காட்டி, மரியாதையாகவே சொன்னேன்.

"சார், சந்தனம் உள்ள போயி அடச்சிக்கினு கீது. அதான் ஸ்க்ரீன் அப்டி வருது. சுத்தம் பண்ணா சரியாப்பூடும். பவானி மேல தப்பு இல்ல சார்."

அவர் பிளக்கைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தார்.

"வயர கழட்டினியா? உன்ன யாரு தொடச் சொன்னது?"

"சார், சந்தனம்..."

"சாமிக்கு வெக்கிற சந்தனத்த கொற சொல்றியா? இத்தினி வருஷமா வெச்சிக்கினு கீறேன், அப்பல்லாம் ஆவாதது இப்ப ஆயிடுச்சா? அந்தப் பொண்ணு பேச்ச இந்தக் கடைல எடுக்கக் கூடாது. இனிமே நான் சொல்றத மட்டும் செய். சொல்லாதத தொடாத. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்" என்றேன். நன்றாகவே புரிந்தது. பிளக்கை, ஒரு துளி சந்தனம் உதிராமல், இருந்தபடியே மாட்டினேன். அதற்குப் பிறகு அந்தத் திரையை நான் தொடவில்லை. தொடக் கூடாது என்று உத்தரவு இருக்கிறதே.

காத்திருந்தேன். காத்திருப்பது கஷ்டமாக இல்லை. தினமும் ரயிலில் உட்கார்ந்து அந்தப் பிளக்கையே நினைத்துக்கொண்டு வருவேன். நேரம் போவதே தெரியாது.

ப்ளெக்ஸ் கடைக்காரர்கள் சங்கத்தின் கூட்டம் வந்தது. இவர் தலைவராக நிற்பதாக முடிவு. மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் கட்ட, மேடை அகலத்துக்கு, இவர் படம் போட்ட பேனர் வேண்டும். தன்னுடைய பேனர் என்பதால் முதல் முறையாகக் கல்லாவை விட்டு எழுந்து வந்து, என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, திரையைப் பார்த்தார். திரையில் அவர் முகம் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னம் வரை விரிந்துகிடந்தது.

"இன்னாம்மா இது, மூஞ்சி பன்னு மாதிரி கீது? யாரு தொட்டது?"

"யாரும் தொடல சார். ஸ்க்ரீன்தான் இழுத்துக் காட்டுது. அச்சுல சரியா வரும்."

"எனக்குத் தெரியாதா? இருவது வருஷமா இதே தொழில்ல கீறேன். கொற."

"சார், இத கொறச்சா அச்சுல ஒல்லியா..."

"நான் சொல்றத மட்டும் செய்யின்னு சொன்னேனா இல்லியா?"

சொன்னார். மெஷின் அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் படத்தின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளினேன். "இன்னும்" என்றார். தள்ளினேன். "தாடைகிட்ட இன்னும் கொஞ்சம். ஆங், இப்பதான் நான் மாதிரி கீறேன்." திரையில் அப்போது பார்க்க அழகாகத்தான் இருந்தார்.

"சின்னதா ஒண்ணு அடிச்சிப் பாத்துடலாமா சார்?" என்று கேட்டேன். அதையும் கேட்டேன். நான் கேட்காமல் விட்டேன் என்று பிறகு யாரும் சொல்லிவிடக் கூடாது.

"கண்ணுக்கு எதுர்லதான் தெரியுதே, அப்பறம் இன்னாத்துக்கு? அடி."

அவர் சித்தூருக்குக் கிளம்பிப் போனபின் மெஷின் அண்ணனின் கம்ப்யூட்டரில் படம் வந்தது. அவருடைய திரை ஒழுங்கான திரை. அண்ணன் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார்.

"சார் சொன்னதுதான?" என்றார்.

"சார் சொன்னதுதான்."

"அப்ப நான் தொடமாட்டேன்பா" என்று பட்டனை அழுத்தினார். பேனர் அச்சாகி அச்சாகிச் சுருண்டது. சுருட்டி, மண்டபத்தில் பேனர் கட்டுகிறவர்களிடம் கொடுத்தாயிற்று.

கூட்டத்தன்று காலை கடைக்குப் போய் அந்த வயரைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வளையல் கடையிலிருந்து பவானியைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் போனேன். மண்டபத்துக்குள் நுழையும்போதே சிரிப்புச் சத்தம். மேடைக்குப் பின்னால், அந்த அகலம் முழுக்க எழுத்தும் பூவும் தோரணமுமாக, நடுவில் இவர். முருங்கைக்காய்க்கு மீசை வைத்தது போல. தோள் ஒடுங்கி, கழுத்து நீண்டு, மூக்கு ஒரு கோடாக. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யார்? ஊர் முழுக்க இருக்கிற ப்ளெக்ஸ் கடைக்காரர்கள். படத்தை இழுத்தால் என்ன ஆகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவர்கள். வெளியாள் எவனாவது என்றால்கூட ஏதோ நோய் என்று விட்டிருப்பான்.

இவர் புதுச் சட்டையில் உள்ளே வந்து, எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டே நடந்து, நிமிர்ந்து பார்த்தார். கும்பிட்ட கை அப்படியே நின்றுவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு பருத்த கடைக்காரர் எழுந்து, சத்தமாக, இவர் குரலிலேயே கேட்டார்.

"சார்! எவரு முட்டுக்குன்னாரு?"

மண்டபம் அதிர்ந்தது. எனக்கு அந்த நிமிஷம் வயிறு குளிர்ந்தது. மறைக்கமாட்டேன்.

கதவோரம் நின்ற எங்களை அவர் பார்த்துவிட்டார். விரலை நீட்டினார். "தோ நிக்கிறாளுங்களே, இவளுங்கதான்! ஒருத்தி கெடுத்துட்டுப் போனா, இன்னொருத்தி கூட இருந்தே..."

நான் பவானியின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவழியே முன்னால் போனேன். கைப்பையிலிருந்து வயரை எடுத்து முதல் வரிசையில் இருந்தவர்களிடம் கொடுத்தேன். அது கை மாறிக் கை போயிற்று. பார்த்தவர்கள் முகர்ந்தும் பார்த்தார்கள். சந்தனம். இவருடைய வெள்ளிக்கிழமைப் பூஜை ஊருக்கே தெரியும். ஸ்க்ரீன் எப்படிக் கெட்டது, முகத்தை யார் குறைக்கச் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் அண்ணன் எழுந்து, "நிஜமே. நேனு பக்கனே உன்னானு" என்று, தான் பக்கத்திலேயே இருந்ததாகச் சாட்சி சொன்னார்.

"இப்ப நீங்க சொல்லுங்க சார்" என்றேன். "யாரு தொட்டது?"

வயர் சுற்றி வந்து அவர் கைக்குப் போயிருந்தது. கைக்குட்டை இல்லாமல், வெறும் விரலால், பிளக்கின் வாயைத் தடவிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் கண்ணில் அது வந்ததை நான் பார்த்தேன். பவானியும் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார்.

"இந்த சந்தனத்த வித்தவன் யாருன்னு மொதல்ல கேக்கணும்" என்றார். "கலப்படம்."

மண்டபம் மறுபடி அதிர்ந்தது. அன்றைக்கு அவர் தலைவராகவில்லை. ஒரு கடைக்கார அம்மா பவானியின் தோளைத் தட்டி, "ரேபட்னுஞ்சி மா ஷாப்புக்கு ரா அம்மா" என்று நாளைக்கே வேலைக்கு வரச் சொன்னார். நல்லதுதான். ஆனால் வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது பவானி அழுதாள்.

"எல்லாரும் சிரிச்சாங்கடீ. ஆனா அவரு சொல்லல இல்ல?"

நான் அந்த வேலையை விட்டேன். சில வருஷம் கழித்து நானும் பவானியும் சேர்ந்து சொந்தமாகக் கடை போட்டோம். திருப்பதியில் போடவில்லை. சித்தூரில், அவர் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு வருகிற தெருவில் போட்டோம். மேற்குப் பார்த்த கடை, மத்தியானத்துக்கு மேல் வெயில் நேரே முகத்தில் அடிக்கும், வேறு நல்ல இடம் பார்க்கலாம் என்று பவானி எத்தனையோ சொன்னாள். நான் கேட்கவில்லை.

மாங்காய் சீசனில் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள் அடித்துக் கொடுக்க பங்காருபாளையம் மண்டிக்குப் போயிருந்தேன். பழைய ப்ளெக்ஸ் எல்லாம் கடைசியில் எங்காவது மூடுதுணியாகத்தான் போய்ச் சேரும். ஒரு வியாபாரியின் மாங்காய்க் குவியல் மேல் விரித்திருந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். ஒடுங்கிய தோள், நீண்ட கழுத்து, கோடாக மூக்கு. மழைக்கு நனைந்து பளபளவென்று இருந்தார். மெஷின் அண்ணன் நல்ல மையாகத்தான் போட்டிருந்தார். புதுத் தார்ப்பாய் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு அதை எடுத்துவந்தேன். வியாபாரி என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

கடை வாசலுக்கு மேலே, வெயிலுக்கு மறைப்பாக அதைக் கட்டினேன்.

"மூஞ்சிய உள்பக்கம் வெச்சிக் கட்டுடீ. பாவம், பெரியவரு" என்றாள் பவானி.

"அவரு வந்து உங்கிட்ட அந்த ஒரு வார்த்த சொல்லட்டும். அன்னிக்கே கழட்டிடறேன்" என்றேன். வெளிப்பக்கம்தான் கட்டினேன்.

தினமும் காலையிலும் சாயங்காலமும் ஸ்கூட்டரில் அதைத் தாண்டியே போனார். தலையைத் தூக்கமாட்டார். போன வாரம் ஒரு சாயங்காலம் ஸ்கூட்டர் நின்றது. இறங்கி வந்தார். சர்க்கரையோ என்னவோ, ஆள் நிஜமாகவே இளைத்துப்போயிருந்தார். பேனருக்கும் அவருக்கும் இப்போது அதிக வித்தியாசம் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ ஒன்று இளகப் பார்த்தது. இளக விடவில்லை.

வாசலில் நின்று மேலே கையைக் காட்டினார். குரல் மட்டும் அதே குரல்.

"இத யாரு கட்டினது?"

பவானி மானிட்டரிலிருந்து நிமிர்ந்தாள். நான் எழுந்து வாசலுக்கு வந்தேன்.

"நான்தான் சார்" என்றேன். "நான்தான் கட்டினேன்."

அவர் என்னைப் பார்த்தார்.

"அவ்ளோதான் சார். சொன்னா ஒண்ணும் ஆவாது. நீங்களும் சொல்லிப் பாருங்க, அவ உள்ளதான் கீறா."

அவர் பவானியைப் பார்த்தார். அவளும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். அவர் உதடு அசைந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து உதட்டைத் துடைத்துக்கொண்டு, திரும்பி, ஸ்கூட்டரில் ஏறிப் போனார்.

மூஞ்சியைத் திருப்பிக் கட்டு என்று பவானி இந்த முறை சொல்லவில்லை. நானும் பேனரைக் கழற்றவில்லை.